வெக்னாவின் கை: இல்லாத பொருளுக்கு வரலாறு எழுதுவது

எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் தந்திருக்கிறோம்.

இன்னைக்கு ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

ஆறேழு வருஷத்துக்கு முன்னாடி, நாங்க அஞ்சு பேர் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட உக்காந்துடுவோம். சென்னையில ஒரு மொட்டை மாடி ரூம். ஒரு டேபிள் ஃபேன். நாலு பாக்கெட் சிப்ஸ். இந்த விளையாட்டு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரியில சொல்லிடறேன். ஒருத்தர் கதை சொல்லுவார், அவர்தான் டன்ஜன் மாஸ்டர். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா மாறி "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஓடிடறேன்"னு சொல்லுவாங்க. நினைச்சது நடந்துச்சா இல்லையான்னு பகடை சொல்லும்.

எங்க குரூப்புக்குன்னு ஒரு சின்ன விக்கி வச்சிருந்தோம். ஊர்கள், ராஜாக்கள், வழியில கிடைச்ச மந்திரப் பொருட்கள், எல்லாத்துக்கும் ஒரு பக்கம். பொருட்கள் என் பொறுப்பு. கதை ஒரு கட்டத்துல "வெக்னாவின் கை", "வெக்னாவின் கண்"ங்கிற ரெண்டு பொருள்கிட்ட வந்து நின்னுச்சு. நானும் ஜோரா ஒரு கட்டுரை எழுதினேன். அதுல ஒரு வரி: கையும் கண்ணும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால், கண்ணால் வரும் ஆபத்து நீங்கிவிடும். இதை எங்க படிச்சேன்? ஏதோ ஒரு வீடியோவுல பார்த்த மாதிரி ஞாபகம். எழுதிட்டேன்.

என் நண்பன் ஒருத்தன் அந்த வரியை நம்பினான். அவன் மூணு வருஷமா வளர்த்த பாத்திரம், தன் கையை வெட்டி, கண்ணைத் தோண்டி, ரெண்டையும் பொருத்திக்கிச்சு. கண்ணோட மந்திரத்தைப் பயன்படுத்தினான். டன்ஜன் மாஸ்டர் புத்தகத்தைத் திறந்து பார்த்துட்டு, நூறு வரைக்கும் எண் காட்டும் பகடையை உருட்டச் சொன்னான். விழுந்தது 3.

2014-ல் வந்த விதிப்புத்தகப்படி, அந்தக் கண்ணிலிருந்து ஒவ்வொரு முறை மந்திரம் போடும்போதும் 5 சதவீதம் ஆபத்து உண்டு. வெக்னா அந்த ஆளின் ஆன்மாவைப் பிடுங்கித் தின்றுவிட்டு, உடம்பைப் பொம்மை மாதிரி ஆட்டுவான். அந்தப் பாத்திரம் அதற்கப்புறம் விளையாடுபவருக்குச் சொந்தமில்லை. கை கூட இருந்தால் தப்பிக்கலாம் என்று அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை.

நண்பன் கத்தல. "டேய், அந்த வரி எந்த புக்ல இருந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டான். என்கிட்ட பதில் இல்லை.

இந்த எபிசோட் அந்தக் கேள்வியைப் பத்தினதுதான். இல்லாத ஒரு பொருளைப் பத்தி எழுதறப்போ, எது சரி, எது தப்புன்னு எப்படிச் சொல்றது? கற்பனைதானே, எதை எழுதினா என்ன? இதுக்கு அம்பது வருஷ வரலாறு இருக்கு. அதை அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டே பார்த்துட்டு வருவோம்.

ஓரிரு வரியில் பிறந்தவை

1974 ஜனவரி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்த டி.எஸ்.ஆர். என்ற குட்டி நிறுவனம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை வெளியிட்டது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். ஒரு பெட்டி, உள்ளே மூன்று சின்னப் புத்தகங்கள். முதல் அச்சு 1,000 பிரதிகள்தான்.

இரண்டாவது புத்தகத்தில் அரக்கர்களும் புதையல்களும் வந்தன. அதில் மந்திரப் பொருட்களுக்கு என்று பட்டியல்கள். பகடையை உருட்டினால், புதையலில் என்ன கிடைத்தது என்று தெரியும். வாள், மோதிரம், கஷாயம், கோல். பெரும்பாலான பொருட்களுக்கு விளக்கம் ஓரிரு வரிதான்.

இன்றைக்கும் எல்லோருக்கும் பிடித்த பொருள் ஒன்று அப்போதே இருந்தது: பேக் ஆஃப் ஹோல்டிங். பார்க்க ஒரு சாக்குப்பை. உள்ளே 10,000 பொற்காசு எடை போட்டாலும், தூக்குகிறவருக்கு 300 காசு எடைதான் தெரியும். அவ்வளவுதான். இந்தப் பையை யார் தைத்தார்கள், முதலில் யார் கையில் இருந்தது, எதற்காகத் தைத்தார்கள்? எதுவும் கிடையாது. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. விளையாட்டுக்கு வேண்டியது எடைக் கணக்கு. மளிகை லிஸ்ட்டில் துவரம்பருப்புக்கு யாராவது ஜாதகம் எழுதுவாங்களா?

சில பொருட்கள் வேறு வீட்டிலிருந்து வந்தன. 1975-ல் வந்த கிரேஹாக் என்ற துணைநூலில் வோர்பல் வாள் உண்டு. பகடை சரியாக விழுந்தால் எதிரியின் தலையை ஒரே வீச்சில் எடுத்துவிடும். "வோர்பல்" என்ற சொல் லூயிஸ் கரோல் 1871-ல் ஒரு அபத்தக் கவிதைக்காக உருவாக்கியது. அன்றைய அகராதிகளில் அதற்கு அர்த்தம் கிடையாது. அர்த்தமே இல்லாத சொல்லுக்கு, நூறு வருஷம் கழித்து, ஒரு விதி கிடைத்தது.

அதாவது இந்தப் பொருட்களுக்கு அப்போதே ஒரு வரலாறு இருந்தது. அது அந்தக் கற்பனை உலகத்தின் வரலாறு இல்லை, புத்தகங்களின் வரலாறு. இந்த ரெண்டு வரலாறையும் மனசுல தனித்தனியா வச்சுக்கோங்க. பின்னாடி வேணும்.

ஒரு கை, ஒரு கண், ஒரு பெயர்

1976. எல்ட்ரிச் விசர்ட்ரி என்று இன்னொரு துணைநூல். எழுதியவர்கள் கைகாக்ஸும் பிரையன் ப்ளூமும். இதில் "ஆர்ட்டிஃபேக்ட்" என்ற வகை வந்தது. கடையில் கிடைக்காதவை, உலகத்துக்கே ஒன்றுதான் இருக்கும் என்கிற மாதிரி பொருட்கள். வெக்னாவின் கையும் கண்ணும் அந்தப் பட்டியலில் வந்தன.

அப்போது வெக்னா யார்? ஒரு லிச். அதாவது, சாவை ஏமாற்ற மந்திரத்தால் தன் உடம்பைப் பிணமாகவே நடமாட வைத்துக்கொண்ட மந்திரவாதி. எப்போதோ அழிந்துவிட்டான், ஒரு கையும் ஒரு கண்ணும் மட்டும் மிஞ்சின. அவற்றைப் பயன்படுத்த வேண்டுமானால், உங்கள் கையை வெட்டிவிட்டு அதை ஒட்டவைக்க வேண்டும், உங்கள் கண்ணை எடுத்துவிட்டு அதை வைக்க வேண்டும். அதே நூலில் காஸின் வாள் என்று இன்னொரு பொருளும் உண்டு. காஸ் வெக்னாவின் மெய்க்காப்பாளன், அவனே எஜமானை வெட்டியவன்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளரின் கதைகளிலிருந்துதான் இந்த விளையாட்டின் மந்திர முறையே எடுக்கப்பட்டது. ஆங்கிலத்தில் வான்ஸ் என்ற பெயரின் ஐந்து எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டால் வெக்னா. நன்றிக்கடன் மாதிரி ஒரு எழுத்து விளையாட்டு. இரவல் கையும் இரவல் கண்ணும் பொருத்திக்கொள்ளும் நாயகன் 1971-லேயே மைக்கேல் மூர்காக்கின் கோரம் நாவல்களில் இருக்கிறான். படித்தவர்களுக்கு அந்தச் சாயல் உடனே தெரியும்.

இப்போ ஒரு விஷயத்தைக் கவனிங்க. வெக்னா இன்னைக்கு இந்த விளையாட்டோட மிகப் பெரிய வில்லன்களில் ஒருத்தன். ஆனா 1976-ல் அவன் ஒரு பொருளின் பெயரில் ஒட்டிக்கிட்டிருந்த ஒரு சொல்தான். முதல்ல பொருள் வந்துச்சு, ஆள் அப்புறம்தான் வந்தான்.

காலியாக விட்ட கோடுகள்

1979-ல் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு என்ற தடிமனான புத்தகம் வந்தது. அதில் ஆர்ட்டிஃபேக்ட் பகுதியைத் திறந்தால் விசித்திரமாக இருக்கும். பொருளின் பெயர் இருக்கும், பழங்கதை கொஞ்சம் இருக்கும். அதன் சக்திகள் என்ன என்ற இடத்தில், பள்ளிக்கூட வினாத்தாள் மாதிரி, கோடிட்ட இடம். "நிரப்புக."

நிரப்ப வேண்டியது அந்தந்த டன்ஜன் மாஸ்டர். தனியாக இருந்த அட்டவணைகளிலிருந்து சக்திகளைத் தேர்ந்தெடுத்து, தன் புத்தகத்தில் தானே எழுதிக்கொள்ள வேண்டும். காரணம் நியாயமானது. விளையாடுகிறவர்களும் அதே புத்தகத்தைக் கடையில் வாங்கிப் படித்திருப்பார்கள். எல்லாச் சக்தியையும் அச்சடித்துவிட்டால், புதையலில் ஆச்சரியமே இருக்காது.

இதன் விளைவை யோசிச்சுப் பாருங்க. சிகாகோவில் ஒரு வீட்டில் வெக்னாவின் கை ஒன்று செய்யும். லண்டனில் இன்னொரு வீட்டில் வேறொன்று செய்யும். ரெண்டுமே சரி. "வெக்னாவின் கை என்ன செய்யும்?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது என்பதுதான் அதிகாரப்பூர்வமான பதில்.

அந்தக் கோடு நிரப்பும் உரிமை ஒவ்வொரு மேஜைக்கும் சொந்தம். ஆனா என் மேஜையில நான் நிரப்பினதை, "புத்தகத்துல இருக்கு"ன்னு பக்கத்து மேஜைக்குச் சொல்ல முடியாது. நான் பண்ணின தப்பு சரியா இந்த இடம்தான். அதுக்கு அப்புறம் வர்றேன்.

நூலகத்தில் வேலை பார்த்தவர்

இந்தப் பொருட்களுக்கு முதன்முதலில் ஒழுங்காகக் கட்டுரை எழுதியவர்களில் முக்கியமானவர் ஒரு கனடாக்காரர். எட் கிரீன்வுட். நூலகத்தில் வேலை பார்த்தவர். இந்த விளையாட்டு வருவதற்கு முன்பே, சிறுவனாக இருந்தபோதே, ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்று ஒரு கற்பனை உலகத்தை எழுதிக்கொண்டிருந்தார். 1979 முதல் டிராகன் என்ற விளையாட்டு இதழில் அவர் எழுத்துகள் வர ஆரம்பித்தன.

1982-ல் அதே இதழில் "பேஜஸ் ஃப்ரம் தி மேஜஸ்" என்ற தொடரைத் தொடங்கினார். ஒவ்வொன்றும் ஒரு மந்திரச் சுவடியைப் பற்றியது. அதன் அமைப்பு ரொம்ப எளிமை. முதலில், புத்தகம் பார்க்க எப்படி இருக்கும். அடுத்து, அது யாரிடமிருந்து யாரிடம் போனது, கடைசியாக எங்கே பார்க்கப்பட்டது. பிறகு, உள்ளே என்னென்ன மந்திரங்கள். தோற்றம், வரலாறு, உள்ளடக்கம். இன்றைக்கு எந்த விளையாட்டு விக்கியில் ஒரு பொருளின் பக்கத்தைத் திறந்தாலும் கிட்டத்தட்ட இதே மூன்று தலைப்புகள்தான். நூலக அட்டை எழுதிப் பழகிய கை அது.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் பண்ணார். எதையும் "இப்படித்தான்" என்று தானே அடித்துச் சொல்லவில்லை. எல்மின்ஸ்டர் என்ற கிழ மந்திரவாதி தனக்குச் சொன்னதாக எழுதினார். கிழவருக்கு ஞாபகப் பிசகு இருக்கலாம், சிலதை வேண்டுமென்றே மறைக்கலாம், வதந்தியை அப்படியே ஒப்பிக்கலாம். அதனால் டன்ஜன் மாஸ்டர் எதையாவது மாற்றினால் கிரீன்வுட்டின் உலகம் உடையாது. "யார் சொன்னது?" என்ற கேள்வியை அவர் கட்டுரைக்குள்ளேயே வைத்துவிட்டார். டி.எஸ்.ஆர். அந்த உலகத்தை வாங்கி, 1987-ல் பெட்டியாக வெளியிட்டது.

பொருள் ஆளானபோது

இதற்கிடையில் வெக்னா வளர்ந்துகொண்டிருந்தான். 1990-ல் டேவிட் குக் எழுதிய "வெக்னா லிவ்ஸ்!" என்ற சாகசக் கதை வந்தது. பழங்கதையில் பெயராக மட்டும் இருந்தவன் இப்போது நேரில் வந்து நின்றான், அதுவும் அரைத் தெய்வமாக. 1993-ல் அதே குக் எழுதிய புக் ஆஃப் ஆர்ட்டிஃபேக்ட்ஸில் கையும் கண்ணும் மறுபடி எழுதப்பட்டன. 2000-ல் விளையாட்டின் மூன்றாம் பதிப்பு வந்தபோது, எல்லோரும் வாங்கும் அடிப்படைப் புத்தகத்திலேயே அவன் பெயர் தெய்வங்கள் பட்டியலில் இருந்தது.

2014 பதிப்பில் கோடிட்ட இடம் பெரும்பாலும் போய்விட்டது. வெக்னாவின் கையைப் பொருத்திக்கொண்டால் உடல்பலம் 20 ஆகும், அதில் 8 முறைக்கான மந்திரசக்தி இருக்கும் என்று எண்ணிக்கை போட்டு எழுதியிருந்தது.

இப்போ இந்தக் கைக்கு ஒரு கட்டுரை எழுதுங்க பார்ப்போம். வெக்னா செத்தவனா, அரைத் தெய்வமா, முழுத் தெய்வமா? கையின் சக்தி நீங்கள் நிரப்புவதா, புத்தகம் சொல்வதா? ஒரே பெயர், நாலைந்து பொருள்.

டி.எஸ்.ஆர். நிறுவனமே இந்தச் சிக்கலைச் சமாளிக்கப் பார்த்தது. 1994-லிருந்து 1995 வரை என்சைக்ளோபீடியா மேஜிக்கா என்ற பெயரில் நான்கு தொகுதிகள் வெளியிட்டார்கள். இருபது வருஷமாகப் புத்தகங்களிலும் இதழ்களிலும் வந்த மந்திரப் பொருட்களை எல்லாம் அகர வரிசையில் அடுக்கிய கலைக்களஞ்சியம். பெரிய வேலை. ஆனா அச்சுப் புத்தகத்துக்கு ஒரு கஷ்டம் உண்டு. அச்சாகி வந்த மறுநாளே அது பழசு.

அதே 1995-ல், மார்ச் மாதம், வார்ட் கன்னிங்ஹாம் என்ற நிரலாளர் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒரு இணையதளத்தைத் திறந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் விக்கி.

விக்கி எழுதுகிறவர்களின் சட்டம்

2001-ல் விக்கிப்பீடியா வந்தது. ஆரம்பத்தில் விளையாட்டு ரசிகர்களும் அங்கேதான் எழுதினார்கள். கொஞ்ச நாளில் உரசல் வந்தது. விக்கிப்பீடியா கேட்டது: இந்த வாளைப் பற்றி, விளையாட்டை விற்கிற நிறுவனத்துக்கு வெளியே யாராவது எழுதியிருக்கிறார்களா? பெரும்பாலான பொருட்களுக்கு அப்படி எதுவும் இல்லை. கட்டுரைகள் நீக்கப்பட்டன, அல்லது ஒரு பட்டியலுக்குள் ஒரு வரியாகச் சுருக்கப்பட்டன. ரசிகர்கள் தங்களுக்கென்று தனி விக்கிகள் கட்டினார்கள். 2004-ல் ஜிம்மி வேல்ஸும் ஏஞ்சலா பீஸ்லியும் தொடங்கிய விக்கிசிட்டீஸ் இதற்கு இடம் கொடுத்தது. பிறகு அது விக்கியா ஆகி, இப்போது ஃபேண்டம்.

கற்பனைக்காகவே ஒரு விக்கின்னா எது வேணா எழுதலாம்னு தோணும். நடந்தது நேர்மாறா. இங்கே சட்டம் இன்னும் கறாரா ஆச்சு. மூணு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, காலம். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் விக்கியில் கட்டுரைகளை இறந்தகாலத்தில் எழுத வேண்டும் என்று விதி. "இந்த வாள் நீல ஒளி வீசியது" என்றுதான் எழுத வேண்டும், "வீசுகிறது" என்று கூடாது. ஏன்? அந்த உலகத்தில் "இன்றைக்கு" என்பது எந்த வருஷம்? உங்கள் மேஜையில் ஒரு வருஷம், என் மேஜையில் வேறொரு வருஷம். ஒரு வருஷத்தில் இருக்கும் வாள் அடுத்த வருஷம் உடைந்திருக்கலாம். இறந்தகாலத்தில் எழுதினால் யாருடைய "இன்றைக்கு"ம் பொய்யாகாது.

ரெண்டு, தனித்தனி அறை. எல்டர் ஸ்க்ரோல்ஸ் விளையாட்டுகளுக்கு யு.இ.எஸ்.பி. என்ற தளம் 1990-களிலிருந்தே இருக்கிறது, 2005-ல் விக்கியாக மாறியது. அங்கே ஒரு வாளுக்கு ஒரு விளையாட்டில் எவ்வளவு எடை, எவ்வளவு விலை என்பது அந்தந்த விளையாட்டின் பகுதியில் இருக்கும். அந்த உலகத்தில் அதன் கதை என்ன என்பது "லோர்" என்ற தனிப் பகுதியில் இருக்கும். ரெண்டையும் கலக்கக் கூடாது. நிரலாளர் போட்ட ஒரு எண், உலகத்தின் உண்மை ஆகிவிடாது.

மூணாவது, சான்று. ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம். நீங்களாக யூகித்தது எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே வராது. ரெண்டு புத்தகம் முரண்பட்டால், ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எந்த வருஷம் வந்தது என்று சொல்ல வேண்டும்.

இந்த மூணையும் வச்சுப் பார்த்தா, வெக்னாவின் கைக்கு இப்போ கட்டுரை எழுத முடியும். "1976 நூலில் இப்படி. 1979-ல் சக்திகள் காலி. 1990-ல் வெக்னா திரும்பினான். 2014-ல் உடல்பலம் 20." கை உண்மையிலேயே இல்லை. ஆனா இந்த நாலு வாக்கியமும் உண்மை. நூலகத்துக்குப் போய்ச் சரிபார்க்கலாம்.

இட்டுக்கட்டவே ஒரு விளையாட்டு

அப்போ கற்பனையே பண்ணக் கூடாதான்னு கேட்டா, பண்ணலாம். அதுக்குன்னே ஒரு விளையாட்டு வந்துச்சு. 2003-ல் நீல் கிருஷ்ணசாமி என்பவர் லெக்சிகன் என்ற ஒன்றை உருவாக்கினார். மிலோராட் பாவிச் 1984-ல் அகராதி வடிவத்தில் எழுதிய "டிக்ஷனரி ஆஃப் தி கஜார்ஸ்" நாவல்தான் தூண்டுதல்.

இதில் பகடை கிடையாது. விளையாடுகிறவர்கள் எல்லோரும் ஒரு கற்பனை உலகத்தின் அறிஞர்கள். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கலைக்களஞ்சியம் எழுதுகிறார்கள். ஒவ்வொரு சுற்றும் ஒரு எழுத்து. உங்கள் கட்டுரையில், இன்னும் எழுதப்படாத கட்டுரைகளையும் பெயர் சொல்லிச் சுட்டிக்காட்ட வேண்டும். விக்கியில் சிவப்பு இணைப்பு விடுவோமே, அதே மாதிரி. அந்தச் சிவப்பை நீங்கள் நிரப்பக் கூடாது, வேறொருவர்தான் நிரப்ப வேண்டும். இன்னொரு விதி: முன்னால் ஒருவர் எழுதிவிட்டால் அது உண்மை. அந்த அறிஞர் ஒரு முட்டாள், அவர் முடிவு தப்பு என்று நீங்கள் திட்டலாம். அவர் சொன்ன செய்தியை இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது.

முழுக்க முழுக்க இட்டுக்கட்டற விளையாட்டு. அதுலயும் யார் எதை எழுதினாங்கன்னு கணக்கு இருக்கு பாருங்க.

வெக்னாவின் தலை

கணக்கு இல்லாட்டி என்ன ஆகும்? 1990-களில் இணையத்தில் பரவிய ஒரு பிரபலமான ஆட்ட மேஜைக் கதை இருக்கு. ஒரே உலகத்தில் ரெண்டு குழுக்கள், எதிரெதிராக விளையாடிக்கொண்டிருந்தன. ஒரு குழு ஒரு திட்டம் போட்டது. "வெக்னாவின் கை இருக்கிறது, கண் இருக்கிறது. வெக்னாவின் தலையும் இருக்கிறதாமே?" என்று வதந்தியைக் கிளப்பிவிட்டது. ஏதோ ஒரு தலையை எடுத்து, காவல், பொறி எல்லாம் வைத்து ஓர் இடத்தில் ஒளித்தும் வைத்தது.

மற்ற குழு அதைத் தேடிக் கண்டுபிடித்தது. கையைப் பொருத்த வேண்டுமானால் கையை வெட்ட வேண்டும். அப்படியானால் தலையைப் பொருத்த? ஆமாம். ஒருத்தர் குனிய, இன்னொருத்தர் வெட்டினார். புதுத் தலையை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பொருத்திய விதம் சரியில்லை என்று முடிவுகட்டி, அடுத்தவரும் கழுத்தைக் கொடுத்தார்.

கேட்டா சிரிப்பு வரும். நானும் சிரிச்சிருக்கேன். ஆனா அவங்க முட்டாள்கள் இல்லை. கை உண்மையான பதிவு, கண் உண்மையான பதிவு. அதே அச்சில் மூணாவதா ஒண்ணு வந்தப்போ நம்பிட்டாங்க. பொய்த் தகவல் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்யுது, ரெண்டு நிஜத்துக்குப் பக்கத்துல வந்து உக்காந்துக்கும். என் விக்கி வரியும் அதே ரகம்தான். சுத்தி இருந்த வரிகள் எல்லாம் சரி. அதனாலதான் என் நண்பன் நம்பினான்.

நிரப்புவது தப்பா?

இதே கதைக்கு மறுபக்கமும் உண்டு. 2022-ல் வந்த ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் நாலாவது சீசன் பார்த்திருப்பீங்க. கதை நடப்பது 1986-ல். பசங்க விளையாடுகிற ஆட்டத்தில் டன்ஜன் மாஸ்டர் வெக்னாவைக் கொண்டுவருவான். வெக்னாவை காஸ் கொன்றுவிட்டானே என்று பசங்க அதிர்ச்சியாவார்கள்.

நல்ல விக்கி எழுத்தாளர் ஒருத்தர் இங்கே உடனே நிமிர்ந்து உட்காருவார். 1986-ல் எந்தச் சாகச நூலிலும் வெக்னா உயிரோடு வரவில்லையே, "வெக்னா லிவ்ஸ்!" 1990 ஆச்சே? அப்போ தொடர் தப்பா? தப்பே இல்லை. அந்தப் பசங்களுக்கு 1976, 1979 புத்தகங்களில் இருந்ததுதான் தெரியும்: செத்த லிச், ஒரு கை, ஒரு கண், ஒரு துரோகி. மீதி கோடிட்ட இடம். அந்த டன்ஜன் மாஸ்டர் அந்தக் கோட்டைத் தானே நிரப்பினான். 1979 புத்தகம் எதைச் செய்யச் சொன்னதோ, அதைத்தான் செய்தான்.

இதை நாம சொல்ல முடியறதே, எது எந்த வருஷம் வந்துச்சுன்னு யாரோ பொறுமையா எழுதி வச்சதாலதான்.

யார் காவல்?

2021 ஜூலையில், இப்போது விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் விதி வடிவமைப்பாளர் ஜெரமி கிராஃபோர்ட் ஒரு விளக்கம் தந்தார். 2014-க்குப் பிறகு வந்த விளையாட்டுப் புத்தகங்களில் இல்லாத எதையும் தாங்கள் அதிகாரப்பூர்வமானதாகக் கருதுவதில்லை என்றார். நாவல்கள், வீடியோ கேம்கள், பழைய பதிப்புகள் எல்லாம் வெளியே. நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருக்கு. புதுசா வர்ற ஒரு எழுத்தாளர் நாற்பது வருஷப் புத்தகத்தையும் படிச்சுட்டுத்தான் எழுதணும்னா யாரும் எழுத முடியாது.

ஆனா, நிறுவனம் ஞாபகம் வச்சுக்க வேண்டாம்னு முடிவு பண்ணினா, ஞாபகம் யார்கிட்ட இருக்கும்? சம்பளம் வாங்காம, ராத்திரி வேலை முடிஞ்சு வந்து, 1982 இதழைப் புரட்டிப் பக்க எண் போடறவங்ககிட்டதான்.

அவர்கள் வீடும் நிரந்தரமில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டுக்கு எழுதினவர்களைப் பாருங்கள். 2010-ல் விக்கியாவின் பக்க வடிவ மாற்றம் பிடிக்காமல் பலர் வெளியேறி, வாவ்பீடியா என்று புதிதாகத் தொடங்கினார்கள். அதற்கு இடம் கொடுத்த தளத்தையே 2018-ல் ஃபேண்டம் வாங்கிவிட்டது. 2023-ல் மறுபடி மூட்டை கட்டி, வார்கிராஃப்ட் விக்கி என்று வேறு இடம் போனார்கள். கட்டுரைகள் திறந்த உரிமத்தில் இருந்ததால் நகல் எடுத்துக்கொண்டு போக முடிந்தது. வாடகை வீடு மாறுகிற மாதிரிதான், சாமானைத் தூக்கிக்கொள்ளலாம், பழைய விலாசத்தைத் தூக்க முடியாது. கூகுளில் தேடுகிறவர்களுக்குப் பழைய பக்கங்களே ரொம்ப நாள் முன்னால் வந்துகொண்டிருக்கும்.

கடைசியா

என் விக்கிக்குத் திரும்ப வர்றேன். அன்னைக்கு ராத்திரி உக்காந்து அந்தப் பக்கத்தைத் திருத்தினேன். தப்பான வரியை அழிக்கல. அதை "எங்கள் மேஜையில்" என்ற தனித் தலைப்புக்குக் கீழே மாத்தி வச்சேன். "இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. இதை எழுதியது நான். இதை நம்பி ஒரு பாத்திரம் போயிற்று" என்று போட்டு, தேதியும் எழுதினேன். மத்த ஒவ்வொரு வரிக்கும் புத்தகம், பக்கம். பக்கத்துல பாதி காணாமப் போச்சு, அவ்வளவு யூகம் கலந்திருந்திருக்கேன்.

நண்பன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுப் பாத்திரத்தோட வந்தான். பழைய பாத்திரம் இப்போ வெக்னாவோட உடம்பா கதைக்குள்ள சுத்திக்கிட்டிருந்துச்சு. அதுக்கும் விக்கியில ஒரு பக்கம் போடணும்னு அவனே சொன்னான். "நீ எழுதாத, நான் எழுதறேன்"னான். எழுதினான். இறந்தகாலத்துல, ஒவ்வொரு வரிக்கும் எந்த ஞாயிற்றுக்கிழமை நடந்துச்சுன்னு தேதி போட்டு.

உங்க குரூப்லயும் இப்படி ஒரு விக்கியோ, ஒரு பழைய நோட்டோ இருந்தா எடுத்துப் பாருங்க. எது புத்தகம் சொன்னது, எது உங்க மேஜை சொன்னதுன்னு பக்கத்துல ஒரு குறிப்பு போட்டு வைங்க.